அளந்துவிட்டு விதையுங்கள்!

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. ஒரு காலத்தில் அங்கே மெக்கானிக் ஷெட் இருந்ததாம், பழைய பேட்டரியெல்லாம் உடைத்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இந்த ஒரு பேச்சுக்கு மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டீர்களே! கேள்விப்பட்டதற்கே ஒடுங்கிப்போனால் எப்படி?

எடுங்கள் அந்த மண்வெட்டியை. முதல் வேலை மண் மாதிரி. மேலே கிடக்கும் குப்பையை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, குழியின் பக்கவாட்டு மண்ணை மேலிருந்து கீழ்வரை சீராகச் சுரண்டுங்கள். பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் கட்டுங்கள். வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்துகளைச் சொல்லும். உடைத்த பேட்டரி மண்ணில் விட்டுப்போகும் ஈயத்தைப் பற்றி வாயே திறக்காது. "ஈயம், காட்மியம், குரோமியம் பார்த்துக் கொடுங்கள்" என்று ஆய்வகத்தில் தனியாகக் கேளுங்கள். இங்கே முடியாது என்றால், எங்கே முடியும் என்று கேளுங்கள். கேட்பதற்கு என்ன கூச்சம்?

"தாத்தா காலத்துல இதெல்லாம் பார்த்தாங்களா?" என்று மார்தட்டும் ஆட்கள் உண்டு. தாத்தாவின் மண்ணில் பேட்டரி உடையவில்லை ஐயா! ஈயம் மட்கிப்போகிற சரக்கும் அல்ல. ஈயம் கலந்த பெட்ரோலை 2000-லேயே நாடு முழுக்க நிறுத்திவிட்டோம். அதற்கு முன் புகையோடு சாலையோரத்தில் படிந்தது இன்னும் மண்ணில் கிடக்கிறது. குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிப்பட்ட மண்ணில் பார்க்காமல் முள்ளங்கி போடுவது வெறும் வீம்பு. சூரியகாந்தி நட்டால் எல்லாம் உறிஞ்சிவிடும் என்பதையும் நம்பி உட்காராதீர்கள். ஈயம் மண்ணை அவ்வளவு லேசில் விடாது.

முடிவு மோசமாக வந்ததா? வரட்டும்! அந்தத் தரையை விட்டுவிடுங்கள், விவசாயத்தை விடாதீர்கள். நீர் இறங்கும் கெட்டித் துணியை விரித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, ஒன்றரை அடி உயரத்துக்குப் புது மண்ணும் தொழுவுரமும் நிரப்புங்கள். (அந்தப் புது மண் எங்கே வெட்டியது என்று லாரிக்காரரிடம் கேட்காமல் லோடு இறக்க விடாதீர்கள். இடித்த கட்டட மண்ணைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் உண்டு.)

ஈயம் கொஞ்சம்தான் என்று வந்தால், கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை போடுங்கள். காய்க்குள் அது அதிகம் ஏறாது. கீரையும் கிழங்கும் அங்கே வேண்டாம். மட்கிய உரத்தைத் தாராளமாகக் கலந்து, புளிப்பு மண்ணானால் சுண்ணாம்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர் உறிஞ்சுவதைவிட, கையிலும் காயிலும் ஒட்டி வாய்க்குள் போகும் புழுதிதான் பெரிய எதிரி. வைக்கோல் மூடாக்கு போடுங்கள், காயை நன்றாகக் கழுவுங்கள், தோட்டத்துச் செருப்பை வாசலோடு நிறுத்துங்கள். பெயிண்ட் உரியும் பழைய சுவரை ஒட்டிப் பாத்தி கட்டாதீர்கள்.

ஆடிப்பட்டத்துக்கு அவரைப் பந்தல் நிற்க வேண்டுமானால், இந்த வாரமே அந்த மண் பை ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். கிளம்புங்கள்!