பந்தலின் உயரம்

கலியாணம் என்பது இரண்டு பேருக்கிடையிலான ஓர் ஒப்பந்தம். அதற்கு வேண்டியவை மிகக் குறைவு: இருவரின் சம்மதம், ஒரு வாக்கு, அந்த வாக்கைக் கேட்டிருக்கச் சிலர். ஆனால் மனிதர்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது அரிது. பந்தல் போடுகிறார்கள், மேளம் கொட்டுகிறார்கள், ஆடு மாடு அறுக்கிறார்கள், ஊரைக் கூட்டுகிறார்கள். வாக்குக்கும் விருந்துக்கும் இடையில் உள்ள இந்தத் தூரத்தில் ஓர் அறக் கேள்வி கிடக்கிறது. ஒருவர் தன் சொந்தப் பணத்தில் தன் பிள்ளையின் கலியாணத்தை மிகப் பெரிதாகச் செய்வதில் பிழை ஏதும் உண்டா? உண்டென்றால், அது யாருக்கு இழைக்கப்பட்ட பிழை?

இருபதாம் நூற்றாண்டில் உலகம் வாய்பிளந்து பார்த்த மூன்று கலியாணங்களிலிருந்து தொடங்கலாம். 1981 மே மாதத்தில் டுபாயில் ஷெய்க் முஹம்மதின் கலியாணம் ஏழு நாட்கள் நடந்தது. விருந்தினருக்கென்றே 20,000 பேர் அமரக்கூடிய அரங்கமொன்று கட்டப்பட்டது. செலவு ஏறத்தாழ 44 மில்லியன் டொலர் என்று கின்னஸ் பதிவேடு குறித்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலை 29 ஆந் திகதி இலண்டன் சென் போல்ஸ் தேவாலயத்தில் இளவரசர் சார்ள்ஸ், டயானாவைக் கைப்பிடித்தார். அதைத் தொலைக்காட்சியில் 750 மில்லியன் பேர் கண்டதாகக் கணக்கிட்டார்கள். 1995 செப்டெம்பர் 7 ஆந் திகதி சென்னையில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தன் வளர்ப்பு மகனுக்குச் செய்துவைத்த கலியாண விருந்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அதுவும் கின்னஸில் ஏறியது.

மறக்க முடியாத கலியாணங்கள் என்ற பெயர் மூன்றுக்கும் பொருந்தும். ஆனால் அவற்றுள் இரண்டு, அடுத்த வருடங்களில் எவ்வாறு நினைக்கப்பட்டன என்பது நோக்கத்தக்கது. 1996 இல் சார்ள்ஸும் டயானாவும் விவாகரத்துப் பெற்றார்கள். அதே 1996 இல் ஜெயலலிதா அந்த வளர்ப்பு மகனைத் தன் மகனல்லர் என்று அறிவித்தார். கலியாணச் செலவு பின்னர் அவர் மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் குற்றச்சாட்டுகளுள் ஒன்றாயிற்று. பெரிய கலியாணங்கள் நிலைக்காது என்று நிறுவுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓலைக் குடிசையில் நடந்த கலியாணங்களும் முறிந்திருக்கின்றன. கூட்டம் எவ்வளவு பெரிதாயினும் மணமக்களின் வாக்குக்கு அது எந்தப் பிணையும் ஆவதில்லை என்பதே இங்கு கவனத்துக்குரியது. சாட்சிக்கு வந்தவர் சிலர். பார்க்க வந்தவர் கோடிக்கணக்கானோர்.

இத்தகைய கலியாணங்களைக் கண்டிப்போர் வழக்கமாகக் கூறும் காரணம் வீண்விரயம். அது அவ்வளவு வலுவான காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. விருந்தில் செலவாகும் பணம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. சமையற்காரர், தையற்காரர், பந்தற்காரர், பூ விற்பவர், பாத்திரம் கழுவுபவர் ஆகியோரின் கைகளுக்கே அது போகிறது. வங்கியில் பூட்டிக் கிடப்பதை விட அது மேலானதென்று ஒருவர் வாதிட்டால் பதில் சொல்வது எளிதன்று. அதோடு, மகிழ்ச்சியும் மனிதனுக்கு ஒரு தேவை. வருடமெல்லாம் வெயிலில் நின்று உழைக்கும் ஒரு குடும்பம் ஒருநாள் வயிறாரச் சாப்பிட்டு, பிறருக்கும் போட்டு மகிழ்வதை விரயமென்று சொல்ல, மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு என்ன தகுதி இருக்கிறது?

எனவே பிழையை வேறிடத்தில் தேட வேண்டும். இங்கு ஆதம் ஸ்மித் நமக்கு உதவுகிறார். 1776 இல் வெளிவந்த தமது 'நாடுகளின் செல்வம்' நூலில் அவர் ஒரு சட்டையைப் பற்றிப் பேசுகிறார். லினன் துணிச் சட்டை உயிர்வாழ அவசியமானதொன்றல்ல. பழைய கிரேக்கரும் ரோமரும் அதில்லாமலே நன்றாக வாழ்ந்தார்கள். ஆனால் தமது காலத்து ஐரோப்பாவில் ஒரு நாட்கூலிக்காரன் கூட அந்தச் சட்டையில்லாமல் பொதுவிடத்துக்கு வர வெட்கப்படுவான். ஆகவே அது அத்தியாவசியப் பொருளே என்பது அவர் வாதம். அத்தியாவசியம் எது என்பதை உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் தீர்மானிக்கிறார்கள்.

கலியாண விருந்து, ஏழைத் தகப்பனின் லினன் சட்டை. அவர் கடன்பட்டு விருந்து வைப்பது புத்தியில்லாமல் அல்ல. அது இல்லாமற் போனால் தன் மகள் புகுந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பாள் என்பதை அவர் நன்கு அறிவார். அவருடைய கணக்குச் சரியானதே. அந்தக் கணக்கில் விலையை எழுதிவைத்தவர் வேறொருவர். தெருவில் உள்ளவர்களுள் வசதியானவர் தன் பந்தலை ஒரு முழம் உயர்த்தும்போது, மற்ற வீடுகளின் பந்தல்கள் ஒரு முழம் தாழ்ந்துவிடுகின்றன. யாரும் அவற்றைத் தொடவில்லை, ஆனாலும் தாழ்ந்துவிடுகின்றன. பெரிய கலியாணத்தின் பிழை இதுதான். அது தன் பணத்தைச் செலவழிக்கவில்லை; பிறருடைய மானத்தின் விலையை ஏற்றிவிடுகிறது.

இதை நன்கு உணர்ந்த அரசுகள் சட்டம் போட்டுப் பார்த்தன. தென் கொரியா 1969 இல் குடும்பச் சடங்குகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றி, 1973 இல் அதைக் கடுமையாக்கியது. அச்சடித்த அழைப்பிதழ், மலர் வளையம், விருந்தினருக்கு உணவும் மதுவும் வழங்குதல் எல்லாம் தடைக்குள்ளாயின. 1998 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் விருந்துத் தடை செல்லாதென்று தீர்ப்பளித்தது. பாகிஸ்தானில் 1997 இல் கலியாணங்களில் சாப்பாடு போடுவதே தடைசெய்யப்பட்டது. பானங்கள் மட்டும் கொடுக்கலாம். 2016 இல் பஞ்சாப் மாகாணம் ஒரு கறிக்கு மேல் கூடாதென்று சட்டமாக்கியது.

இவற்றுள் தஜிகிஸ்தானின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. அந்நாட்டு ஆண்களில் பெருந்தொகையானோர் ரஷ்யாவுக்குப் போய்க் கட்டட வேலையும் தெரு வேலையும் செய்கிறார்கள். அந்த உழைப்பின் பெரும் பங்கு ஊரில் கலியாண விருந்துகளாக வெந்து தீர்ந்தது. சீதனத்துக்கும் வீட்டுக்கும் காசு சேர்க்க மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போன தாய்மாரைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2007 இல் அங்கு வந்த சட்டம் கலியாண விருந்தினரின் எண்ணிக்கையை 150 ஆகவும், விருந்து நேரத்தை 3 மணித்தியாலமாகவும் மட்டுப்படுத்தியது. ஏழைக் குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றுவதே அதன் நோக்கமென்று சொல்லப்பட்டது. நல்ல நோக்கந்தான். ஆனால் 2013 மே மாதத்தில் ஒரு காணொளி வெளியாயிற்று. அதே 2007 இல் நடந்த தன் மகனின் கலியாணத்தில் ஜனாதிபதி ரஹ்மோன் ஆடிப்பாடிக் களிக்கும் காட்சி அது. நாட்டில் யூடியூப் தளம் முடக்கப்பட்டது.

ஒரு தகப்பன் மகனின் கலியாணத்தில் ஆடுவதில் என்ன குற்றம்? எதுவுமில்லை. உண்மையில் அந்தக் காட்சியில் மனிதத்தன்மை இருக்கிறது. ஆனால் ஊரின் மகிழ்ச்சியை அளந்து கொடுத்தவர் தன்னுடையதை அளக்காமல் வைத்துக்கொண்டார் என்றே மக்கள் அதைப் படித்தார்கள். மேலேயிருப்பவர் தன் பந்தலை இறக்காமல் கீழேயிருப்பவரின் பந்தலை வெட்டுவது சீர்திருத்தமாகாது. அது ஏழையின் மீது விழுந்த இன்னோர் அடியாகவே முடியும்.

அப்படியானால் சட்டமில்லாமல் பந்தல்கள் ஒரே உயரத்தில் நிற்கும் இடங்கள் இல்லையா? இருக்கின்றன. குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினரின் கலியாணத்தில் மதகுரு கிடையாது. எல்லாரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். மணமக்கள் எழுந்து ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பார்கள். பின்னர் வந்திருந்த அனைவரும், சிறுபிள்ளைகள் உட்பட, மணப்பத்திரத்தில் கையொப்பமிடுவார்கள். 1753 இல் இங்கிலாந்து, கலியாணங்கள் அங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் நடக்க வேண்டுமென்று சட்டமியற்றியபோது யூதருக்கும் இவர்களுக்கும் மட்டும் விலக்களித்தது. அங்கே போகும் விருந்தினர் பார்த்துவிட்டுத் திரும்பிவிட முடியாது. தன் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறார். அந்தக் குடும்பம் நன்றாயிருப்பதில் அவருக்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

மொரோக்கோவின் அட்லஸ் மலைகளில் இமில்சில் என்றோர் ஊருண்டு. அதனருகே இரண்டு ஏரிகள். ஒன்றின் பெயர் மணமகன், மற்றதன் பெயர் மணமகள். செப்டெம்பர் மாதச் சந்தையின்போது அங்குள்ள பெர்பர் குடிகளின் பல சோடிகள் ஒன்றாக வந்து தங்கள் திருமணங்களைப் பதிந்துகொள்வது வழக்கம். ஒரே நாள், ஒரே இடம், ஒரே கூட்டம். எல்லார் வீட்டுக் கலியாணமும் ஒன்றாக நடக்குமிடத்தில், யார் கலியாணம் பெரிதென்ற கேள்வி வலுவிழந்துவிடுகிறது.

நம்மிடமே ஒரு சாட்சி உண்டு. இலங்கை முஸ்லிம் கலியாண வீட்டுச் சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்வார்கள். கடைக்காரரும் மீன் விற்பவரும் ஒரே சஹனில் கைவைப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்ற அளவு அங்கில்லை. பக்கத்திலிருப்பவர் இறைச்சித் துண்டை நம் பக்கம் தள்ளிவிடுவார். மண்டபமும் பஃபே மேசையும் வந்தபின் பல இடங்களில் இது மறைந்து வருகிறது. வலீமா விருந்துகளில் மோசமானது, செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் விருந்து என்ற கருத்தில் நபிமொழியொன்று உண்டு. ஒரு விருந்தின் தரத்தை அங்கு எத்தனை வகைக் கறி இருந்தது என்று பார்க்காமல், யார் வெளியே நின்றார் என்று பார்த்து அளக்கும் அளவுகோல் அது. இதைவிடச் சரியான அளவுகோலை நான் அறியேன்.

எளிமை மகிழ்ச்சியைக் கெடுக்குமா என்ற ஐயத்துக்கு 2020 விடையளித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் கலியாணங்கள் சுருங்கின. இங்கிலாந்தில் அந்த ஜூலையில் 30 பேருக்கும், செப்டெம்பர் இறுதியிலிருந்து 15 பேருக்கும் மேல் கூட முடியாதிருந்தது. ஜூலை 17 ஆந் திகதி இளவரசி பியட்ரிஸ், வின்ட்சரிலுள்ள ஒரு சிறு தேவாலயத்தில் ஏறத்தாழ 20 பேர் முன்னிலையில், தன் பாட்டியான மகாராணியின் பழைய உடுப்பொன்றைத் திருத்தி அணிந்து மணமுடித்தார். 1981 இல் உலகத்தையே கூட்டிய அதே குடும்பத்தில்தான் இதுவும் நடந்தது. அதனால் அவருடைய மதிப்பு ஒரு முழமும் குறையவில்லை. வரம்பு எல்லாருக்கும் பொதுவானபோது சிறிய கலியாணம் யாருக்கும் வெட்கமாகத் தோன்றவில்லை. விருந்து சிறிதாயிருந்ததால் யாருக்கும் வெட்கம் வருவதில்லை என்பதும், பக்கத்து வீட்டு விருந்தைவிடச் சிறிதாயிருந்ததாலேயே வருகிறது என்பதும் அந்த ஒரு வருடத்தில் வெட்டவெளிச்சமாயிற்று.

இங்கு ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். பிறர் வெட்கப்படுவார்கள் என்பதற்காக ஒருவர் தன் மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்க வேண்டுமா? அப்படிப் பார்த்தால் நல்ல வீடு கட்டக்கூடாது, பிள்ளையை நன்றாகப் படிப்பிக்கக்கூடாது என்றாகிவிடாதா? நியாயமான கேள்வி. ஆனால் வீடு கட்டுகிறவர் ஊரைக் கூப்பிட்டு அதற்குச் சாட்சி கேட்பதில்லை. கலியாணம் செய்பவர் கேட்கிறார். அழைக்கப்பட்டவர்களின் கண்களிலிருந்தும் வாய்களிலிருந்தும் அவர் எதையோ பெற்றுக்கொள்கிறார். ஆகவே அவர்களுக்கு அவர் ஏதோ கடன்பட்டுமிருக்கிறார். அவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, தங்களுடைய சோற்றைப் பார்த்துக் கூசாமல் திரும்ப வேண்டும் என்பது அந்தக் கடனின் குறைந்தபட்ச அளவு.

இந்தக் கடன் விருந்தளிப்பவருக்கு மட்டுமன்று. கொரியாவில் கலியாணத்துக்குக் கூட்டம் குறைந்துவிடுமென்று அஞ்சுவோர் கூலிக்கு விருந்தினரை அமர்த்திக்கொள்கிறார்கள். நண்பராகவும் உறவினராகவும் நடித்துவிட்டு அவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கேட்கச் சிரிப்பாயிருக்கலாம். ஆனால் சாட்சியாக இராமல், கூட்டத்தில் ஒருவராக மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் 'என்ன கறி, எத்தனை பவுண், எந்த மண்டபம்' என்று விலை பேசும் நாம் எவ்வகையில் அவர்களிலிருந்து வேறுபட்டவர்கள்? மானத்தின் விலை அந்தப் பேச்சில்தான் ஏறுகிறது. நாம் பேசாவிட்டால் அது ஏறாது.

பந்தலை இறக்கும் வேலையை யார் தொடங்க வேண்டும் என்பதும் தெளிவானதே. இல்லாதவர் எளிமையாகச் செய்தால் ஊர் அதை வறுமை என்கிறது. இருப்பவர் செய்தால் அதை முன்மாதிரி என்கிறது. இரண்டுக்கும் சோறு ஒன்றுதான், பாயும் ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு. ஆகவே இருக்கிறவர் முதலில் செய்தாலன்றி இல்லாதவருக்கு விடுதலையில்லை. தன் மகளின் கலியாணத்தில் வசதியான ஒருவர் ஒரு கறியோடு நிறுத்திக்கொள்ளும்போது, அடுத்த தெருவில் மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவில் கணக்குப் பார்க்கும் ஒரு தகப்பனின் கடன் குறைகிறது. அந்தத் தகப்பன் அந்தக் கலியாணத்தை ஒருநாளும் மறக்கமாட்டார்.