பிடிமண்ணும் பலனும்

மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் கணினி வரைகலை கற்ற இளைஞர்கள் சிலர், எந்த அலுவலகத்திலும் சேராமல், வீட்டின் ஓர் அறையில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு லோகோவும் விளம்பரப் படமும் செய்துகொடுக்கும் தொழிலில் இறங்குகின்றனர். ஃப்ரீலான்ஸ் எனப்படும் இத்தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே பேசிக் கூலி முடிவாகிறது. எழுத்தையும் உருவத்தையும் திரையில் நகரச் செய்யும் மோஷன் கிராபிக்ஸ் இதன் ஒரு கிளை. செய்து முடித்த படம் பெரும்பாலும் செய்தவர் பெயரில்லாமலே உலகத்துக்குப் போய்விடுகிறது. இடையிலுள்ள விளம்பர நிறுவனம் அதைத் தன் படைப்பாக விற்கிறது, செய்தவரோ அதைத் தாம் செய்ததாக எங்கும் சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். கூலி குறைந்தாலும் பெயர் மறைந்தாலும் இவர்களுக்குச் சொல்லப்படும் ஆறுதல் ஒன்றே: கடமையைச் செய்துவிட்டுப் பலனை எதிர்பாராதிருக்க வேண்டும். இந்த ஆறுதல் பலன் என்று எதைக் குறிக்கிறது, கூலியையா, பெயரையா, படைத்த பொருளின் மீதான உரிமையையா என்று பிரித்துக் கேட்டால், அதைச் சொல்பவர் பலரிடம் விடை இராது.

பகவத் கீதையின் 2ஆம் அத்தியாயம் 47ஆம் சுலோகம், ஒருவனுக்குச் செயலில் மட்டுமே அதிகாரம் உண்டென்றும், பலன்களில் இல்லையென்றும், அதற்காகச் செயலற்றிருப்பதிலும் பற்று வைக்கலாகாதென்றும் கூறுகிறது. இது போர்க்களத்தில் வில்லைக் கீழே போட்ட ஓர் அரசகுமாரனுக்குச் சொல்லப்பட்டது; அவனுடைய அடுத்த வேளைச் சோறு அங்கே கேள்வியாக இருக்கவில்லை. கைத்தொழிலால் பிழைப்பவனுக்கு இதே உபதேசம் எப்படிப் பொருந்தும் என்பதை அறிய, உரையாசிரியர்களைவிட மதுரைச் சமவெளியின் வேளார்களிடம் போவது பயன் தரும்.

வேளார் என்போர் மண்பாண்டமும் மண்சிற்பமும் செய்யும் குயவர் மரபினர். பல ஊர்களில் அய்யனார் கோயில் பூசாரிகளும் இவர்களே. அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்பு விழாவுக்கு ஊர் கூடி முடிவெடுத்ததும், ஊர்ப் பெரியவர்கள் தம் ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து வேளாரிடம் கொடுப்பர். பிடிமண் எனப்படும் அந்த மண் கைமாறிய பிறகே வேலை தொடங்கும். களிமண்ணோடு மணலும் வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து, கால்களும் வயிறும் உள்ளே கூடாக இருக்கும்படி அடுக்கடுக்காக எழுப்பி, காய்ந்தபின் சூளையிட்டு, வண்ணம் பூசிக் குதிரையை நிறுத்துகின்றனர். விழா நாளில் கடைசி வேலையாக வேளார் கண்ணைத் தீட்டுகிறார். கண் திறப்பு என்னும் அந்தச் சடங்கு முடிந்ததும் குதிரை அவருடையதாக இருப்பதில்லை. ஊரார் தோளில் ஏறி அய்யனாரின் எல்லைக்குப் போய்விடுகிறது. அங்கே மழையிலும் வெயிலிலும் காது உடைந்து கால் கரைந்து அது மண்ணாவதைப் பற்றி வேளார் வருந்துவதில்லை. அடுத்த எடுப்புக்கு அடுத்த குதிரை. ஆனால் வேட்டி, தானியம், பணம், சபையில் முதல் மரியாதை என்று அவருக்கு வழக்கப்படி சேர வேண்டியதில் குறை வைத்தால் அந்த விழா நடக்காது. பொருளை விடுவதற்கும் கூலியைக் கேட்பதற்கும் இடையே வேளார் மரபு முரண்பாடு எதையும் காணவில்லை. இரண்டையும் ஒரே சடங்கின் இரு முனைகளாக வைத்திருக்கிறது. கோயில் கருவறைச் சிலையின் கண்ணைத் திறந்த ஸ்தபதி குடமுழுக்குக்குப் பின் அந்தக் கருவறைக்குள் நுழைய முடியாது என்ற வழக்கமும் இதே வகையைச் சேர்ந்ததே, அதில் சாதியின் கைவரிசை கலந்திருப்பதை மறைப்பதற்கில்லை என்றாலும்.

பெயரைப் பொறுத்தவரை பழைய காலம் கைவினைஞரிடம் தாராளமாக நடந்துகொள்ளவில்லை. மதுரைக்கு வடகிழக்கிலுள்ள மாங்குளம் மலையில் சமணத் துறவிக்குக் குகைப்பள்ளி வெட்டுவித்தவன் நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி என்று தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உளி பிடித்தவனின் பெயருக்கு அந்த வரியில் இடமில்லை. வெட்டுவித்தவன் பெயர் 2000 ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்டது.

இன்றைய ஃப்ரீலான்ஸ் வரைகலைஞருக்கு நெருங்கிய முன்னோடி, வேளாரைவிட ஓவியர் சி. கொண்டையராஜு எனலாம். 1898இல் பிறந்து 1976இல் மறைந்த அவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்து, பின்னர் ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழு ஒன்றில் திரைச்சீலை வரைபவராகச் சேர்ந்தவர். குழு கலைந்தபின் 1940களில் கோவில்பட்டியில் தங்கி, மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, சிவகாசி அச்சகங்களுக்குத் தெய்வப் படங்கள் வரைந்து கொடுத்தார். அச்சகம் கேட்கும் அளவிலும், காலண்டரில் கடைப்பெயருக்கு இடம் விட்டும், கேட்ட தவணைக்குள் முடிக்க வேண்டிய வணிக வேலை அது. அவருடைய கஜலட்சுமியும் முருகனும் மீனாட்சியும் எத்தனை வீடுகளின் பூஜை அறைகளில் மாட்டப்பட்டு, குங்குமம் இடப்பட்டு வணங்கப்பட்டன என்பதை அவர் எண்ணியிருக்க வழியில்லை. வணங்கியவர்களும் அவரை அறியார். துறவு நாட்டம் கொண்டு, மணம் செய்யாமலே வாழ்ந்த அந்த ஓவியர், படத்தின் மூலையில் கையெழுத்திடாமல் விடவில்லை என்பது இங்கே கவனத்துக்குரியது. அச்சுப்படங்கள் பலவற்றில் அவர் பெயரோடு டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய மாணவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. பற்றறுத்தல் என்பது பெயரை அழித்துக்கொள்வதே என்றால் ரமணரின் நிழலில் இருந்த ஒருவர் இப்படிச் செய்திருக்க மாட்டார். பெயரைத் தம்மோடு உழைத்தவருடன் பங்கிட்டுக்கொண்டது அவர் கண்ட வழி என்று கொள்ளலாம்.

தத்துவ நோக்கில் இக்கேள்விக்குக் கூர்மையான கருவி சைவ மரபிலேயே உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் சாக்கிய நாயனார் வரலாறு, செய்யப்படும் வினை, செய்பவன், வினையின் பயன், அப்பயனைக் கொடுப்பவன் என்று நான்கைப் பிரித்துக் காட்டி, நான்காமவன் இல்லாத கொள்கை குறையுடையது என வாதிடுகிறது. வினை தானாகப் போய்ச் செய்தவனைச் சேராது, அறிவுடைய ஒருவன் அதை அளந்து சேர்க்க வேண்டும் என்பது இதன் கருத்து. இணையச் சந்தைகளில் வேலை தேடும் இளைஞரைச் சோர்வடையச் செய்வது இந்த நான்காம் இடத்தில் நிகழும் குழப்பமே. ஃபைவர் போன்ற தளத்தில் தேடலின் முதல் பக்கத்தில் தம் பெயர் வருமா வராதா என்பதைக் கணிநிரல் முடிவு செய்கிறது. ஒருவர் இட்ட மூன்று நட்சத்திர மதிப்பெண் அடுத்த மாத வருமானத்தைக் குறைக்கிறது. கிடைக்கும் தொகையிலும் 20 விழுக்காட்டைத் தளம் பிடித்துக்கொள்கிறது. இத்தனை செய்வதால் அந்த நிரலே பயனைக் கொடுப்பவனாகத் தோன்றத் தொடங்கி, அதன் கருணைக்காக இரவெல்லாம் விழித்திருப்பது ஒரு வழிபாடாகவே மாறிவிடுகிறது. சைவ சித்தாந்தம் சொல்லும் கொடுப்பவன் வினையைச் செய்தவனின் பக்குவமறிந்து சேர்ப்பவன். தளமோ தன் தரகைத் தவிர எதையும் அறியாதது. அதைச் சந்தைக் கங்காணியாக மட்டும் கருதி, கணக்கை நேராக வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் தேடலை ஒரே தளத்தோடு முடக்காமல் இருப்பது உலகியல் அறிவு மட்டுமன்று. கொடுப்பவனின் இடத்தில் கண்டதை அமர்த்தாதிருக்கும் சமய ஒழுக்கமும் ஆகும்.

கூலியைப் பற்றி மதுரைக்கென்று ஒரு புராணமே இருக்கிறது. வைகை பெருகிக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஒருவர் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆளில்லாத வந்தி என்னும் பிட்டு விற்கும் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாக வந்தார் என்பது திருவிளையாடற் புராணத்தின் கதை. ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுத்தோப்பில் இன்றும் இது நடத்திக் காட்டப்படுகிறது. கூலி என்ன என்பதை மண்வெட்டி எடுக்கும் முன்பே பேசிக்கொண்டவர் இறைவன்; உதிர்ந்த பிட்டு அவருக்கு என்பது மக்கள் சொல்லும் ஒப்பந்தம். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோனது வேறு கதை. கூலியை வாங்கி உண்டபின் வேலையைத் தள்ளிப்போட்டுப் பாடியும் உறங்கியும் கிடந்து பிரம்படி வாங்கினார் என்பதால், தவணை தவறாமைக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாது. எனினும் கூலி பேசுவது பக்திக்கு இழுக்கு என்ற எண்ணத்துக்கு இக்கதையில் துளியும் இடமில்லை. புதிதாகத் தொழிலில் இறங்குபவர் அஞ்சி விட்டுவிடுவது இந்த முதற்படியைத்தான். முன்பணம் கேட்க நாணி, திருத்தம் எத்தனை முறை என்று எழுதிக்கொள்ளாமல், பிடிமண் வாங்காத வேளாராகச் சக்கரத்தில் அமர்ந்துவிடுகின்றனர். அப்வொர்க் தளத்தில் நிலைத்த தொகைக்குச் செய்யும் வேலைகளில் வாடிக்கையாளர் பணத்தை முன்கூட்டியே பொறுப்பில் வைத்துவிட, வேலை ஏற்கப்பட்டதும் அது செய்தவருக்கு விடுவிக்கப்படும் எஸ்க்ரோ என்னும் ஏற்பாடு, பிடிமண்ணின் வேலையை ஓரளவு செய்கிறது.

திருத்தம் என்றதும் வெள்ளியம்பலம் நினைவுக்கு வராமல் போகாது. மற்றத் தலங்களில் இடக்கால் தூக்கி ஆடும் நடராசர், மதுரைக் கோயிலின் அந்த அம்பலத்தில் வலக்கால் தூக்கி நிற்கிறார். மற்றக் கலைகளையெல்லாம் கற்றுத் தேர்ந்து, எஞ்சிய கலையாக நடனத்தைக் கற்ற ராஜசேகர பாண்டியன், ஆடி ஆடித் தன் கால் வலித்தபோது, ஒரே காலில் ஓயாமல் ஆடும் இறைவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எண்ணி, கால் மாறி ஆடும்படி வேண்டினான் என்பது கதை. வேண்டியவனுக்காகத் தன் உருவத்தையே திருத்திக்கொண்ட தெய்வத்தின் ஊரில், வாடிக்கையாளர் கேட்கும் நான்காம் திருத்தத்தைத் தன்மானப் பிரச்சினையாக்குவது சற்று மிகையே. மோஷன் கிராபிக்ஸ் கற்பவருக்கு இக்கதை இன்னொன்றும் தருகிறது. அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருளில் ஓர் எழுத்து இடமிருந்து வலம் வரத் தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் கீஃப்ரேம் என்னும் குறிகளாகக் கலைஞர் வைக்க, இடைப்பட்ட சட்டகங்களைக் கணினி நிரப்பிவிடுகிறது. அப்படி நிரம்பிய அசைவு சீராக இருக்கும், ஆனால் உயிரற்று இருக்கும். கிளம்பும்போது தயங்கவும் நிற்கும்போது தளரவும் வேகக்கோட்டை வளைத்த பிறகே எடை உள்ள பொருள் நகர்வதாகக் கண் நம்பும். அசையாத சிலையில் வலியைக் கண்ட பாண்டியனின் பார்வை இந்த வளைவுக்குத் தேவைப்படுகிறது. அதைக் கற்றவருக்கு, பலனைப் பற்றிய நினைவு வேலை நேரத்தில் தானே பின்னுக்குப் போகிறது. கீதை கேட்பது குறைந்த அளவில் இதுவே என்றும் படிக்கலாம்.

பொருள் கைமாறியபின் செய்தவருக்கு மிச்சம் எதுவுமில்லை என்று இந்தியச் சட்டமும் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை முழுதும் எழுதிக்கொடுத்த பின்னும் படைத்தவர் தாமே அதைப் படைத்தவர் என்று கோரவும், தம் மதிப்பைக் குலைக்கும் சிதைவைத் தடுக்கவும் இடம் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்த வழக்கில், எஞ்சிய பகுதிகளை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் ஈடு வழங்கவும் டெல்லி உயர்நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. வேளார் மரபு இதைச் சற்று வியப்போடு பார்க்கும். அழிவதற்காகவே செய்யப்படுவதையும் நிற்பதற்காகச் செய்யப்படுவதையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதே அதன் மறுமொழியாக இருக்கக்கூடும். வெளிநாட்டு ஒப்பந்தம் வேறொரு நாட்டுச் சட்டத்துக்கு உட்படுவதால், செய்த வேலையைத் தம் மாதிரித் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் காட்டிக்கொள்ளும் உரிமையை முதலிலேயே ஒரு வரியாக எழுதி வாங்குவதே நடைமுறையில் நிற்கும்.

அந்த மாதிரித் தொகுப்பு ஆணவத்தின் கண்ணாடி என்று கருதுவோர் உண்டு. சைவ சித்தாந்தத்தில் ஆணவம் என்பது உயிரைப் பிறவி தொறும் மூடியிருக்கும் இருள். தன்னைக் காட்டிக்கொள்வதில் மட்டுமின்றித் தன்னை ஒளித்துக்கொள்வதிலும் அது வேலை செய்யும். எவரும் வேலை தராத தொடக்க மாதங்களில், கோயில் குடமுழுக்கு அழைப்பிதழையோ மல்லிகைச் சந்தைக்கான ஓர் அசையும் அறிவிப்பையோ தாமே கற்பனையாக எடுத்துச் செய்து தொகுப்பில் வைப்பதில், தன்னைப் பெருக்கிக் காட்டும் குற்றம் எதுவும் இல்லை. பிறர் செய்ததைத் தமதென்று வைத்தால் அது வேறு.

பெயரில்லாமை புகழிலிருந்து ஒருவரை விடுவிப்பதுபோல் வினையிலிருந்தும் விடுவிக்குமா என்பதில்தான் பற்றறுத்தல் பேசுவோர் வழுக்குகின்றனர். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமியற்றித் தடுத்தது. ஆனால் வேறு நாட்டு மக்களுக்கான சூதாட்டச் செயலி ஒன்றுக்குப் பொற்காசு கொட்டும் 15 விநாடிப் படத்தை மதுரையில் இருந்து ஒருவர் செய்து கொடுப்பதை அச்சட்டம் எட்டுமோ எட்டாதோ. தாம் வெறும் கருவி என்றும், பெயரும் தமதன்று, பலனும் தமதன்று என்றும் அவர் சொல்லிக்கொள்ளக்கூடும். சாக்கிய நாயனார் வரலாறு காட்டிய நான்கில் பெயர் என்ற ஒன்று இல்லவே இல்லை. செய்பவன் இருக்கிறான், வினை இருக்கிறது, அது எத்தனை ரகசிய ஒப்பந்தங்களைக் கடந்தும் செய்தவனையே வந்து சேரும் என்பது அதன் துணிபு. இரவல் பெயரில் போன படத்துக்குப் புகழ் கேட்க முடியாத கலைஞர், அதே காரணத்தைக் காட்டி அதன் பழியைத் தள்ளவும் அந்தச் சாத்திரத்தில் இடமில்லை. வரும் வேலையை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு இவ்வகையில் கூலி பேசுவதற்கும் முந்தியது. பிடிமண்ணை வாங்கக் கை நீட்டுவதற்கு முன் எடுக்க வேண்டியது.