போட்டியினின்று விலகுதல்

போட்டி நிகழும் களத்தைவிட்டு ஒருவர் தாமாகவே விலகி, பிறர் நாடாத வேலை ஒன்றை மேற்கொள்வாரானால், அதனைக் கோழைமை என்பதா, தெளிவு என்பதா? தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் இவ்வினா அடிக்கடி எழுகிறது. பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்ததும் எந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ப்பது என்று பேச்சுத் தொடங்குகிறது. “எனக்கு அது வேண்டாம்” என்று அப்பிள்ளை சொல்லிவிட்டால் வீட்டில் இரண்டு நாள் அடுப்பெரியாத குறைதான். இதனை எண்ணும்பொழுதெல்லாம் வேரா ரூபின் என்னும் அமெரிக்க வானியல் அம்மையாரின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. விண்மீன் மண்டலங்கள் சுழலும் விதத்தை ஆராய்ந்து, இருட்பொருள் என்று ஒன்று இருந்தாக வேண்டும் என உலகோர் ஒப்பும் நிலையைக் கொணர்ந்தவர்களுள் அவர் தலையாயவர். போட்டியை விட்டு இருமுறை விலகியவரும் அவரே.

அவர் 1928இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அறிவியல் பக்கம் போகாதவரை நீ நன்றாகவே இருப்பாய் என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் அவருக்கு அறிவுரை கூறினாராம். 1948இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வானியல் மேற்படிப்பிலோ பெண்களுக்கு அன்று இடமில்லை. அக்கதவு திறக்க 1975 ஆயிற்று. எனவே கார்னெலில் முதுகலை முடித்து, 1954இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே வகுப்புகள் மாலையில் நடந்தன. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் அலுவலகத்திலிருந்து வந்து அவரை அழைத்துச் சென்று, வகுப்பு முடியும்வரை காரிலேயே அமர்ந்து இரவு உணவை முடித்துக்கொள்வார். குழந்தைகளைப் பெற்றோர் பார்த்துக்கொள்வர். மாலைக் கல்லூரியிலும் அஞ்சல் வழியிலும் பி.ஏ. முடித்த நம்மில் பலருக்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. காரில் காத்திருந்த அக்கணவரை மட்டும் நம் ஆடவர் சற்று நின்று நோக்குவது நன்று.

முனைவர் பட்டத்திற்கு அவர் எழுதிய ஆய்வு, விண்மீன் மண்டலங்கள் வானில் சீராகப் பரவியிராமல் கூட்டங் கூட்டமாக இருக்கின்றன என்பது. அதனை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. 1965இல் வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தில் ஆய்வுப் பணியில் அமர்ந்தார். பலோமர் வானாய்வகத்தில் முறையான அனுமதியோடு தொலைநோக்கியைப் பயன்படுத்திய முதற்பெண்மணியும் அவரே. அங்கே ஆடவர்க்குரிய கழிப்பறை மட்டுமே இருந்தது. அதன் கதவிலிருந்த உருவத்தின்மேல் பாவாடை வடிவில் காகிதம் கத்தரித்து ஒட்டிவிட்டார் என்பர்.

அக்காலத்தில் குவேசார்கள் எனப்படும் மிகத் தொலைவான ஒளிமூலங்களே வானியலில் பேச்சாக இருந்தன. ரூபினும் அவருடன் பணியாற்றிய கென்ட் ஃபோர்டும் அவற்றைத்தான் முதலில் ஆராய்ந்தனர். ஃபோர்டு அமைத்த நிறமாலைக் கருவி மங்கலான ஒளியையும் விரைந்து பதியவல்லது. போட்டியில் முந்துவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எனினும் ரூபினுக்கு அது பிடிக்கவில்லை. பிற ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்து, இதனை அளந்தாயிற்றா, அதனை அளந்தாயிற்றா என்று கேட்பர். முழுவதும் சரிபாராத எண்ணைச் சொல்ல அவருக்கு மனமில்லை. ஆகவே எவரும் அவசரப்படுத்தாத ஒரு பொருளை நாடிச் சென்றார். நமக்கு அண்மையிலுள்ள பெரிய மண்டலமாகிய ஆண்டிரோமிடாவில், மையத்திலிருந்து விளிம்புவரை உள்ளவை எத்துணை வேகத்தில் சுற்றுகின்றன என்பதே அது. விடை தெரிந்த கணக்கு என்றே பலர் கருதிய ஒன்று.

விடை தெரிந்தது என்றதன் காரணத்தைச் சொல்லவேண்டும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதன் நொடிக்குச் சுமார் 47 கிலோமீட்டர் ஓடுகிறது. தொலைவிலுள்ள நெப்டியூன் 5 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. மையத்தில் எடை குவிந்திருந்தால், தொலைவு கூடக்கூட வேகம் குறைந்தாக வேண்டும். விண்மீன் மண்டலத்திலும் ஒளி நடுவில்தான் மிகுந்திருக்கிறது. ஒளி உள்ள இடத்திலேயே எடையும் இருக்கும் என்று அனைவரும் எண்ணினர். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உரத்தும், விலகும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் ஒலிப்பது போல, நெருங்கும் ஒளி நீலத்தின் பக்கமும் விலகும் ஒளி சிவப்பின் பக்கமும் சிறிது நகரும். அந்நகர்வை அளந்தால் வேகம் கிடைத்துவிடும். அரிசோனா மாநிலத்து மலைகளில் இரவெல்லாம் கண்விழித்து, ஆண்டிரோமிடாவில் ஒளிரும் 67 வாயுத் திரள்களை இருவரும் அளந்து 1970இல் வெளியிட்டனர். வெளிப்புறத்தில் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை.

அடுத்த விலகல் இதனினும் கடினமானது. நமது மண்டலம் தொலைவிலுள்ள மண்டலங்களை நோக்க ஒரு பக்கமாக விரைகிறது என்று 1976இல் அவர்கள் எழுதினர். கடும் மறுப்பு எழுந்தது. அவ்வழக்கில் வாதாடிக் காலங் கழிக்க விரும்பாமல், ரூபின் மீண்டும் மண்டலங்களின் சுழற்சிக்கே திரும்பினார். நார்பர்ட் தொன்னார்டும் உடன்சேர, 21 சுருள் மண்டலங்களை அளந்து 1980இல் வெளியிட்டனர். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஒரே கதையைச் சொல்லின. விளிம்பிலுள்ளவையும் உள்ளே இருப்பவற்றின் வேகத்திலேயே சுற்றின. அத்துணை வேகத்தில் அவை சிதறிப் போகாமலிருக்க, கண்ணுக்குத் தெரியாத பெருந்திரள் ஒன்று மண்டலத்தைச் சூழ்ந்திருத்தல் வேண்டும். அத்திரள்தான் தொடக்கத்தில் வாயுவைத் தன்பால் ஈர்த்து விண்மீன் மண்டலங்கள் தோன்ற வழிசெய்தது என்று இன்று கருதுகின்றனர். பேரண்டத்தில் அது சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்கிற்கும் சற்றுக் கூடுதல் என்பது இன்றைய கணக்கு.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ரூபின் செய்தது இடனறிதல்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாம் அவ்வாறு கருதவில்லை. அங்கே இடம் தேர்வது பகைவனை வெல்வதற்காக. ரூபின் தேர்ந்த இடத்தில் பகைவனே இல்லை. பரிசு இருப்பதாகவும் எவரும் சொல்லவில்லை. சரிபாராத எண்ணைச் சொல்லும்படி தம்மை எவரும் நெருக்காத இடம் ஒன்றையே அவர் வேண்டினார். கோழை தன் உடலையோ பெயரையோ காத்துக்கொள்ள ஓடுகிறான். இவர் காக்க நினைத்தது தம் அளவீட்டின் நேர்மையை. ஓட்டம் ஒன்றுபோலத் தோன்றினும், எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் என்று பார்க்க வேண்டாவா?

இங்கே ஒரு தடை எழும். அது நேர்மையான தடை. ரூபினுக்கு நிலையான ஊதியம் இருந்தது, வேலையிலிருந்த கணவர் இருந்தார். விலகுவது அவருக்கு எளிது. நாமோ தேர்வுப் பட்டியல் ஒன்றில் பெயர் வந்ததனால் வடநாட்டுக்கு ரயிலேறியவர்கள். இராமகிருஷ்ணபுரத்து இரண்டறைக் குடியிருப்பும், ஊருக்கு அனுப்பிய பணவிடையும், தங்கையின் திருமணமும் அப்போட்டி தந்தவை. உண்ட சோற்றைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் நமக்குப் படியேற உதவிய ஏணியையே பிள்ளைக்கு வீடாகக் கட்டித்தர முயல்கிறோமோ என்ற ஐயம் எழாமலில்லை. அலுவலகத்திலும் இதனைக் காண்கிறோம். முதலில் குறிப்பெழுதிப் பெயர் வாங்குவார் ஒருவர். பழைய கோப்புகளைத் தேடி, முன்னுத்தரவு உண்டா இல்லையா என்று பார்த்தெழுதுவார் மற்றொருவர். பதவி உயர்வு முன்னவருக்கு. வழக்கு மன்றத்திலிருந்து வினா வரும் நாளில் தேடப்படுபவர் பின்னவர். இரண்டாமவரின் மனைவி மக்களிடம் இதனைச் சொல்லி ஆறுதல் கூறிவிட முடியுமா என்றால், முடியாது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புகழ் பற்றியும் ஒரு சொல். இருட்பொருளைக் கண்டவர் ரூபின் ஒருவரே என்று எழுதுவது பொருந்தாது. 1933இலேயே சுவிஸ் நாட்டவரான ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா என்னும் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்து கண்ணுக்குப் புலப்படாத எடை ஒன்று இருத்தல் வேண்டும் என்றார். ரூபின் ஒளியால் அளந்ததை ஆல்பர்ட் போஸ்மா போன்றோர் வானொலி அலைகளால் அளந்தனர். ரூபினுக்கு 1993இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும், 1996இல் இங்கிலாந்து அரச வானியல் கழகத்தின் பொற்பதக்கமும் கிடைத்தன. அப்பொற்பதக்கத்தை அவருக்குமுன் பெற்ற பெண்மணி கரோலின் ஹெர்ஷல், ஆண்டு 1828. நோபல் பரிசு வரவில்லை. 2016 டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

இருட்பொருள் எத்தகைய துகளால் ஆனது என்பது இன்னும் புலப்படவில்லை. தம் பெயரோடு இணைத்துப் பேசப்பட்ட அதனை ரூபின் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை என்பது நம்மைப் பெரிதும் கவர்கிறது. புதுவகைத் துகளால் நிரம்பிய பேரண்டத்தினும், நெடுந்தொலைவில் நியூட்டனின் விதியே திருத்தம் பெற வேண்டியது என்று தெரியவந்தால் தமக்கு அதுவே விருப்பம் என்று முதுமையில் கூறினார். வேகம் குறையவில்லை என்பது அவர் அளந்தது. காரணத்தை அவர் அளக்கவில்லை. இன்று சிலி நாட்டில் சேரோ பாச்சோன் மலைமீது அவர் பெயரால் ஒரு வானாய்வகம் நிற்கிறது. 2025 ஜூனில் அதன் முதற் படங்கள் வெளிவந்தன. தென்வானம் முழுவதையும் பத்தாண்டுக் காலம் திரும்பத் திரும்பப் படமெடுப்பது அதன் பணி.