பூ வரைய அனுமதி உண்டு

மார்கழியில் நங்கநல்லூர் வாசல்களில் பூக்கும் தாமரைகளில் ஒன்று ஊடுபுள்ளி 15, முடிவு 8. நடுவரிசையில் 15, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் நிற்கும். மொத்தம் 169 புள்ளிகள். போடுகிறவள் இதைக் கூட்டிப் பார்ப்பதில்லை. கை அறியும்.

புள்ளியால் பூ வரைவது பாரிசிலும் நடந்தது. நிறங்களைத் தட்டில் குழைக்காமல் தனித்தனிப் புள்ளிகளாக வைத்து, கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணுக்கே விட்டுவிடும் முறையை 1880களில் ஜார்ஜ் சூரா உருவாக்கினார். அந்த வழியில் பூச்சாடிகளை வரைந்தவர்களில் லூசி குஸ்தூரியே (1876–1925) என்ற பெண்ணும் உண்டு. பாரிசின் அரசுக் கலைப்பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போரும் புராணமும் உயர்ந்த ஓவியம். சாடி, பழம், பூ கடைசிப் படி. அந்தப் படியில் பெண்கள் உட்கார யாரும் தடை சொல்லவில்லை.

கோலத்தைக் ‘கலை’ என்று உருகும் கட்டுரைகள் எனக்கு அலுப்பூட்டுகின்றன. குனிந்த முதுகு யாருடையது என்று அவை கேட்பதில்லை. அடுக்ககங்களில் பல வாசல்களின் கோலம், பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் சம்பளத்தில் அடக்கம். தூரமானவள் போடக்கூடாது, கணவனை இழந்தவள் போடக்கூடாது என்பார்கள். போடுவதும் போடாதிருப்பதும் அவள் முடிவல்ல.

அப்படியானால் கட்டாயத்தில் பிறந்த அழகு அழகுதானா? அழகுதான். கடமை வீட்டுடையது, கோட்டின் வளைவு அவளுடையது. இரண்டையும் ஒன்றாக்கி, ‘அவள் விரும்பித்தானே செய்கிறாள்’ என்பதில்தான் பொய் இருக்கிறது. விருப்பத்தைப் பூவை வைத்து அளக்க முடியாது. அதே விரலிடுக்கில் வழியும் மாவால் அவள் வேறொன்றைச் சொன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நங்கநல்லூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத பெசன்ட் நகரில், 2019 டிசம்பர் 29 அன்று சில பெண்கள் தெருவில் கோலமிட்டு, குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று எழுதினார்கள். காவல்துறை அவர்களைப் பிடித்துச் சென்று பிறகு விடுவித்தது. பூவோடு நின்றிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

மறுநாள் அதே எழுத்துகள் பல வாசல்களில் முளைத்தன, திமுக தலைவர்களின் வீட்டு வாசல்கள் உட்பட. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெரிய வாசல்களில் குனிந்தவர்கள் யார், யார் சொல்லிக் குனிந்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது.