கண்ணாடித் தொட்டியின் பின்னணி

வீட்டு மீன்தொட்டியின் பின்புறக் கண்ணாடியில் வண்ணப் படமொன்றை ஒட்டுவது பரவலான வழக்கம். நீலக் கடலும் முருகைக்கற்பாறையும் அச்சிடப்பெற்ற அத்தாள் சுவரை மறைக்கிறது. மின்கம்பியையும் காற்றுக்குழாயையும் மறைக்கிறது. இதில் அறம் பற்றிய கேள்வி எங்கே வந்தது என வாசகர் வினவலாம். அந்தப் படம் யாருக்காக என்பதே கேள்வி.

மீனுக்காக என்று கூறுவோர் உளர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எப்புறமும் திறந்த தொட்டியில் மீன் மிரளும். கண்ணாடியில் தெரியும் தன் உருவையே பகையெனக் கருதிப் பொரும் இனங்களும் உள. ஒரு புறத்தை மறைத்தால் அவற்றுக்கு அமைதி பிறக்கும். ஆனால், அதற்கு வெறும் கறுப்புத் தாள் போதும். படமோ நமக்காக. பிடிபட்ட மீன் இன்னமும் கடலில்தான் இருக்கிறது என்று நம்ப நாம் விரும்புகிறோம்.

இவ்விருப்பத்தின் விலை என்ன என்பதைத் திருகோணமலைக் கடலோரத்தில் நின்று நோக்கினால் அறியலாம். துறைமுகத்துக்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு அப்பால், தாளில் அச்சிட்ட காட்சி உயிரோடு கிடக்கிறது. அங்குள்ள புறாத்தீவும் அதைச் சூழ்ந்த முருகைக்கற்பாறைகளும் 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. காவல் தேவைப்படும் அளவுக்கு மனிதக் கை அங்கே நீண்டுவிட்டது என்பதன்றோ இதன் பொருள்?

நன்னீர் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை பண்ணையில் வளர்பவை. கடல் மீன்களோ பெரும்பாலும் கடலிலிருந்தே பிடிக்கப்படுபவை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் தெளிந்திருக்கும். சுழியோடிகள் இறங்கும் காலம் அது. கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்போர் உளர். பாறைமேல் கவிக்கும் ‘மொக்சி’ வலையோ முருகைக்கல்லை உடைப்பது. சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசித்தவன் விரைந்து மேலெழுந்தால் குருதியில் நைதரசன் குமிழிகள் தோன்றும். கைகால் முடங்கலாம், உயிரும் போகலாம். மீனுக்கும் துன்பமே. வண்ணத்துப்பூச்சி மீன்களிற் சில, முருகை உயிரிகளை மட்டுமே தின்று வாழ்பவை. தொட்டியில் அவை பசியால் மடிகின்றன. பின்னாலுள்ள படத்திலோ முருகைக்கல் நிறைந்திருக்கிறது!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் மீன்தொட்டி பற்றி எழுதிய நூல் இங்கிலாந்தில் பெரும் மோகத்தைக் கிளப்பியது. சேகரிப்போர் கூட்டத்தால் கடலோரப் பாறைக்குளங்கள் சூறையாடப்பட்டதை அவர் மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் வெளியான தம் நூலில் வருந்திப் பதிவு செய்தார்.

ஒரு மனிதனின் பின்னணி என்றால் அவன் பிறந்த இடத்தையும் வந்த வழியையும் குறிக்கிறோம். மீனுக்கும் அப்படியொரு பின்னணி உண்டு. அதில் பாறை இருக்கிறது, வலை இருக்கிறது, சுழியோடியின் மூச்சும் இருக்கிறது. தொட்டிக்குப் பின்னணி சேர்க்கும் நாம் மீனின் பின்னணியை அழித்துவிடுகிறோம். தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படமும் இதே வேலையைத்தான் செய்கிறது: உழைப்பை மறைக்க உழைப்பின் படமே திரையாகிறது.

அப்படியாயின் தொட்டிகளை உடைத்தெறிய வேண்டுமா? அன்று. சுழியோடியின் வீட்டு அடுப்பு அந்த மீனால் எரிகிறது. தொட்டி நீரைப் பேணும் சிறுவனும் ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பைக் கற்கிறான். அழகைத் துறக்குமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. அழகு வந்த வழியை அறியுமாறு கேட்கிறோம். இம்மீன் பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடிபட்டதா? எவ்வலையால் பிடித்தார்கள்? தொட்டியில் நாம் இடும் இரையை இது உண்ணுமா? பிடித்தவனுக்குக் கிடைத்த கூலி என்ன? வாங்குவோர் பலர் இவற்றைக் கேட்கத் தொடங்கினால் விற்பவர் விடை தேடியே ஆகவேண்டும்.

பின்புறக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவோம். மீனுக்கு அது போதும். நமக்கு வேண்டியது அக்கேள்விகளுக்கான விடை.