யாருக்காக அடக்கம்?

இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் முதலில் வரும் சொற்கள் இரண்டு: தாராள மனசு, அடக்கம். ஆணுக்கான இரங்கல் கூட்டத்தில் அவர் சாதித்ததை எல்லாம் அடுக்கிவிட்டு, ‘இவ்வளவு இருந்தும் பணிவானவர்’ என்பார்கள். பெண்ணுக்கோ பணிவே சாதனையாகிவிடுகிறது. அதனால் பெண்ணியம் பேசும் நமக்கு இந்தச் சொற்களின்மீது சந்தேகம் வருகிறது. அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் சொற்களையே தூக்கி எறிந்துவிட்டால், தோழிகள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் அரிய காரியம் ஒன்றுக்குப் பெயரில்லாமல் போய்விடும். டென்னிஸை நேசித்த இரண்டு பெண்களின் நட்பை வைத்து இதை யோசிக்கலாம்.

ஆல்தியா கிப்சன் 1927இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் பிறந்தவர். பெற்றோர் பருத்திக் காட்டில் குத்தகை உழவர்கள். வளர்ந்தது நியூயார்க்கின் ஹார்லெமில். கறுப்பர் என்பதால் தேசியப் போட்டியின் கதவு அவருக்கு மூடியே இருந்தது. 1950இல் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், ஒரு டென்னிஸ் இதழில் வெளிப்படையாக எழுதி இந்த அநீதியைச் சாடினார். அந்த ஆண்டே கதவு திறந்தது. 1957, 1958 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் கிப்சன் வென்றார்.

ஏஞ்சலா பக்ஸ்டன் இங்கிலாந்தில் பிறந்த யூதப் பெண். கறுப்பர் என்று கிப்சனும், யூதர் என்று பக்ஸ்டனும் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். 1956இல் இருவரும் ஜோடி சேர்ந்து பிரெஞ்சு சாம்பியன்ஷிப், விம்பிள்டன் இரண்டிலும் இரட்டையர் பட்டம் வென்றார்கள். அதே விம்பிள்டனில் ஒற்றையர் இறுதிப் போட்டிவரை போனவர் பக்ஸ்டன். சீக்கிரமே மணிக்கட்டுக் காயம் அவருடைய ஆட்டத்தை முடித்துவைத்தது. கிப்சன் தொடர்ந்து உச்சத்துக்குப் போனார். தோழியின் உயரம் பக்ஸ்டனுக்கு உறுத்தவில்லை, நட்பு அறுபடவில்லை.

அந்தக் காலத்தில் வெற்றிக்குக் கோப்பை உண்டு, காசு கிடையாது. விம்பிள்டனில் பரிசுப் பணம் வந்ததே 1968இல்தான். பிழைப்புக்காகக் கிப்சன் பாடினார், படத்தில் நடித்தார், கூடைப்பந்து ஆட்டங்களுக்கு முன்னால் காட்சி ஆட்டம் ஆடினார், பிறகு கோல்ஃபுக்குப் போனார். முதுமையில் பக்கவாதம் வந்தது. வாடகைக்கும் மருந்துக்கும் பணமில்லை. டென்னிஸ் அமைப்புகளிடம் உதவி கேட்டார், பதில் இல்லை. 1990களின் நடுவில் ஒருநாள் பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்து, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பதாகச் சொன்னார்.

பக்ஸ்டன் உடனே பணம் அனுப்பினார். அதோடு நிற்கவில்லை. கிப்சனின் நிலையைச் சொல்லும் கடிதம் ஒன்று ‘டென்னிஸ் வீக்’ இதழில் வரும்படி செய்தார். கிப்சனுக்கு இது தெரியாது. பல நாடுகளிலிருந்து தபாலில் காசோலைகள் வந்து குவிந்தபோது அவர் திகைத்துப்போனார். சேர்ந்த தொகை கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் என்பார்கள்.

இங்கேதான் அறக் கேள்வி எழுகிறது. தன்மானம் மிக்க ஒரு பெண்ணின் வறுமையை, அவரைக் கேட்காமல், உலகுக்குச் சொல்லலாமா? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றல்லவா நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்?

கேட்காமல் செய்த நன்மை எல்லாம் நன்மை ஆகிவிடாது. ‘உன் நல்லதுக்குத்தான்’ என்ற வாக்கியத்தால் பெண்களுக்கு இழைக்கப்பட்ட தீங்குகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் இதில் மூன்று வேறுபாடுகளைப் பார்க்கிறேன். முதலாவது, கூப்பிட்டது கிப்சன். அவர் நீட்டிய கையைத்தான் பக்ஸ்டன் பற்றினார். இரண்டாவது, உயிரே போகக்கூடிய நேரம் அது. மூன்றாவது முக்கியமானது: அந்தக் கடிதம் கிப்சனின் ஆட்டத்தால் வளம் பெற்ற டென்னிஸ் உலகத்துக்குப் போனது. பிச்சை கேட்பது வேறு, கடனை நினைவூட்டுவது வேறு. கிப்சன் ஏழையாக இருந்தது கிப்சனுக்கு அவமானம் இல்லை, டென்னிஸுக்கு அவமானம். இத்தனைக்குப் பிறகும் ஒரு நெருடல் மிஞ்சத்தான் செய்கிறது. அது மிஞ்சுவதே நல்லது. அடுத்த முறை கேட்டுவிட்டுச் செய்ய அதுதான் நம்மைத் தூண்டும்.

அப்படியானால் பணிவு என்பது என்ன? வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை. விம்பிள்டன் போட்டியை நடத்தும் கிளப் தன்னைக் கடைசிவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை, அதற்குக் காரணம் யூத வெறுப்பு என்று பக்ஸ்டன் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். அதிகாரத்தின் முன் அவர் அடங்கவில்லை. தோழியின் துன்பத்தின் முன் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளவும் இல்லை. பெறுபவர் தலைகுனிய வேண்டியிராதபடி கொடுக்கத் தெரிவதையே நான் பணிவு என்பேன். நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. அதிகாரத்தின் முன் அடங்கிப் போகச் சொல்லித்தரும் சமூகம், கீழே இருப்பவருக்குக் கொடுக்கும்போது பேரைக் கல்வெட்டில் பொறித்துக்கொள்ளச் சொல்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தோழியின் தாராளம் நிறுவனங்களின் கடனை அடைத்துவிடாது. கிப்சன் 2003இல் இறந்தார். அமெரிக்க ஓபன் நடக்கும் வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தது 2019இல். அடுத்த ஆண்டு பக்ஸ்டனும் இறந்தார். நடுவே ஒரு பெண்ணின் உயிரைக் காத்தது ஒரு தொலைபேசி அழைப்பு, எடுத்துப் பேச இன்னொரு பெண், ஒரு கடிதம்.

நம் தோழி ஒருத்தி போன பின் ‘அடக்கமானவள்’ என்று சொல்ல வாயெடுக்கும்போது ஒரு கணம் நிறுத்திக் கேட்டுப் பார்ப்போம்: அவள் யார் முன் அடங்கினாள், யாருக்காகப் பேசினாள்? பதில் தெரிந்தால் அதையே சொல்லலாம். அந்தச் சொல்லைவிட அது நீளமாக இருக்கும். இருக்கட்டுமே.