ஹிமா: தடுப்பது தகுமா?

புல்லும் தண்ணீரும் எல்லோருக்கும் பொது என்பது நபிமொழி. அப்படியிருக்க, பாலைவனத்தில் ஓரிடத்தை ஒதுக்கி, "இங்கே மேய்க்காதே" என்று தடுப்பது ஆகுமா?

காற்றடிக்கும்போது பாலை மணலில் பெரும்பகுதி தரையை ஒட்டித் துள்ளித் துள்ளியே நகர்கிறது. சிறு புதர்கள் இருந்தாலும் அங்கே காற்றின் வேகம் தணியும், மணல் தங்கும். புதர்களை மந்தை தின்று தீர்த்துவிட்டால் மண்ணைப் பிடித்து வைக்க எதுவுமில்லை. அரேபியாவில் இப்படி மேய்ச்சலைக் கட்டுப்படுத்திய நிலங்களுக்கு ஹிமா என்று பெயர். 1953-இல் சவூதி அரசு அவற்றை எல்லோருக்கும் திறந்துவிட்டது. எண்ணம் நல்லதுதான், ஆனால் பல ஹிமாக்கள் மொட்டையாயின. தடையில்லாத புல்லில் பெரிய மந்தைக்காரனுக்குத்தானே பெரிய பங்கு!

ஜாஹிலிய்யாக் காலத்துத் தலைவர்கள் தமக்கென்று வளைத்துக்கொண்ட ஹிமாவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். பொதுநலனுக்கான ஹிமா மட்டும் நின்றது. ஹளரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் காவலர் ஹுனைய்க்கு இட்ட கட்டளை புகாரியில் இருக்கிறது. சொற்ப ஒட்டகமும் ஆடும் உடையவர்களை உள்ளே விடவேண்டும். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) இருவரின் மந்தைகளை விடக்கூடாது! மந்தை அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டமும் வயலும் உண்டு. ஏழையோ பிள்ளைகளோடு வந்து கலீஃபாவின் வாசலில் நிற்பான். அன்று அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இன்று புல் கொடுப்பது எளிது என்று காரணமும் சொன்னார்கள்.